பிரவுன் சுவாமியும் மைக்கல் சுவாமியும்

பனி இறங்கும் மலை, வளைந்தேறும் ஒரே பாதை, துரை பங்களா, கிளப், சின்னதாய் ஒரு கற்கோயில். ஆங்கிலேயர் சாவகாசமாக வாசிக்கும் துப்பறியும் கதைக்கு இலங்கை மலையகத்து அப்புத்தளையையும் பண்டாரவளையையும் விடத் தோதான இடம் வேறில்லை. ஆனால் அப்படியொரு கதை எழுதப்பட்டிருந்தால் பிணம் பங்களாவில்தான் கிடந்திருக்கும். லயத்துக் காம்பராவில் செத்தவருக்காக எந்தத் துப்பறிவாளர் மலையேறியிருப்பார்? கொலையுண்டு கிடக்கவும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. பதுளை புனித மாற்கு ஆலயமே மேஜர் ரோஜர்ஸ் நினைவாக எழுந்ததுதானே. 1845இல் இடி விழுந்து இறந்த அந்த மனிதர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். அங்கே துப்பறிய ஒன்றுமில்லை.

பாதிரியார் துப்பறிவாளர்களில் மூத்தவர், ஜி. கே. செஸ்டர்டன் 1911இல் முதல் தொகுதியாக வெளியிட்ட கதைகளின் பிரவுன் சுவாமி. குள்ள உருவம், பெரிய குடை, அப்பாவி முகம். அவருக்கு மூலம் ஜோன் ஓ'கோனர் என்ற யோர்க்‌ஷயர் குருவானவர். மனிதரின் கொடுமைகளைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு செஸ்டர்டன் அரண்டுபோயிருந்தார். அன்றே இரண்டு மாணவர்கள், மடத்துக்குள் அடைந்து கிடக்கும் சாமியாருக்கு உலகத்தின் தீமை எங்கே தெரியும் என்று பேசிக்கொண்டார்களாம். அந்த முரணில் பிறந்தவர் பிரவுன். கொலைகாரனை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று 1927இல் வந்த தொகுதியில் அவரைக் கேட்கிறார்கள். அந்தக் கொலையைத் தானே செய்யக்கூடியவனாக ஆகும்வரை மனதுக்குள் இறங்கிப்போவதாகச் சொல்கிறார். துப்பறியும் இலக்கியத்தில் இதைவிடப் பணிவான முறையை நான் வாசித்ததில்லை.

நிஜக் குருவானவருக்கு இந்த வேலை பொருந்தாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விட்டால் சபை விலக்கு தானாகவே விழும். தோட்டத்தில் யாருடைய குடியால் யாருடைய வீடு அழிந்தது என்பதை அதிகம் அறிந்தவரும் சுவாமிதான், வாய் திறக்க முடியாதவரும் அவர்தான்.

இந்த மலைப்பக்கத்துப் பதுளை மறைமாவட்டம் 1972இல் பிறந்தது. கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, வசதியான கண்டியை விட்டு, தோட்டத் தொழிலாளரும் வறண்ட நிலக் குடியானவரும் வாழும் இந்தப் புது மறைமாவட்டத்தைத் தாமாகவே ஏற்று வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய ‘சேவக செவன’ குருமடத்துக்கு மைக்கல் ரொட்ரிகோ வந்தார். அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர். உரோமாபுரியிலும் பாரிசிலும் பெற்ற கலாநிதிப் பட்டங்கள் இரண்டு. 1980இல் அவர் மலையிறங்கி மொனராகலை மாவட்டத்துப் புத்தலைக்குப் போனார். சுற்றிலும் சிங்கள பௌத்தக் கிராமங்கள். யாரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. குடிசையில் வாழ்ந்தார், பிக்குகளோடு பேசினார், கரும்புக் கம்பனிக்குக் காணியை இழந்த குடியானவர்கள் பக்கம் நின்றார்.

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தக் குடிசையில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. பிரவுன் கதை வாசித்துப் பழகியவருக்கு இது கடைசி அத்தியாயம் கிழிந்த புத்தகமாகத்தான் தோன்றும். எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் தோன்றியது. யார் சுட்டது என்பது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. ஆனால் துப்பறியும் கதை அதை மட்டுமே கேட்கப் பழக்கிவிடுகிறது. செத்தவர் கதையின் முதல் பக்கத்தோடு முடிந்துபோகிறார். கொன்றவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது பிரவுனின் வித்தை. பறிகொடுத்தவனின் இடத்தில் போய்க் குடியிருப்பது ரொட்ரிகோ தெரிந்தெடுத்தது. முன்னதற்குக் கற்பனை போதும். கதை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடலாம்.

ஆபத்து நெருங்குவது ரொட்ரிகோவுக்குத் தெரிந்தே இருந்தது. போவதா, இருப்பதா என்று உடனிருந்தவர்களோடு பேசியும் இருந்தார். காணி போனவர்களுக்குப் புத்தலையை விட்டால் போக்கிடம் இல்லை. பட்டம் பெற்ற குருவானவருக்குக் கொழும்பும் உரோமும் திறந்தே கிடந்தன. அந்த வித்தியாசத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.