காப்பு அவிழாத கதை

1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று தூர்தர்ஷனில் ஆரம்பமான ராமானந்த் சாகரின் இராமாயணத் தொடர், 78 பகுதிகளாக வளர்ந்து 1988 ஜூலை 31-இல் நிறைவெய்துமட்டும், இத்தேசத்தின் எண்ணற்ற இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சாற்றப்பட்டது, ஊதுவத்தி ஏற்றப்பட்டது, ஸ்நானம் செய்யாதவர் அதன்முன் அமரலாகாதென்று வீட்டுப் பெரியவர்கள் விதி செய்தார்கள். ஹிந்தி அதிகம் புழங்காத எங்கள் திருவனந்தபுரத்திலும், கரமனை, வலியசாலை முதலிய தெருக்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில், வசனம் விளங்காமலே கதை விளங்கி, ஸ்ரீராமன் வனம் புகும் காட்சியில் கண்ணீர் விட்ட பாட்டிமார் உண்டு. இதைக் கண்டு நகைத்தவர்கள் இரு சாரார். மின்சாரத்தால் ஒளிரும் கண்ணாடியைக் கும்பிடுவதாவது என்று பகுத்தறிவு பேசியவர்கள் ஒருபுறம். பிராணப் பிரதிஷ்டை செய்யப்படாத பிம்பத்துக்கு ஆராதனை ஏது என்று சாஸ்திரம் பேசியவர்கள் மறுபுறம். வேறெந்த விஷயத்திலும் ஒன்றுபடாத இவ்விரு சாராரும் இதில் ஒன்றுபட்டதே எனக்குச் சந்தேகத்தை விளைவித்தது.

முன்னவரின் வாதம் எல்லா விக்கிரக வழிபாட்டுக்கும் பொதுவானது. அதற்குத் தொலைக்காட்சி தேவையில்லை. பின்னவரின் வாதத்தைத்தான் சற்று நின்று கவனிக்க வேண்டும். எந்த சுப காரியத்திலும் முதற்கண் ஒரு பிடி மஞ்சளைப் பிசைந்து வைத்து, அதில் விக்நேசுவரரை ஆவாகனம் செய்து, அறுகம்புல் சாற்றி, நிவேதனம் காட்டி, காரியம் முடிந்ததும் அவரை அவருடைய ஸ்தானத்துக்கே எழுந்தருளச் செய்து, மஞ்சளைக் கரைத்து விடுகிறோம். கருங்கல்லில் நிலைபெற்ற மூலவருக்குரிய கிரமம் வேறு, இத்தகைய க்ஷணிக பிம்பங்களுக்குரிய கிரமம் வேறு என்பதை ஆகமங்களும் அறியும். கும்ப ஜலத்திலும் மணலிலும் களிமண்ணிலும் தேவதையை வரவழைக்க அனுமதிக்கும் சமயம், ஒளியில் வரவழைப்பதை மட்டும் தள்ளிவிட என்ன நியாயம்? அடியார் எந்த உருவை உகக்கிறார்களோ அந்த உருவையே இறைவன் ஏற்கிறான் என்பது பொய்கையாழ்வார் முதலாக வைணவர் போற்றும் கொள்கை. அதை அர்ச்சாவதாரத்தின் ஆணிவேராகக் கொண்ட ஆசாரியர்கள், ஊதுவத்தி ஏற்றிய பாட்டியைப் பார்த்து நகைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே பிம்பம் தகுதியற்றது என்பது என் குறையன்று. வரவழைத்தவரை வழியனுப்புதல் என்ற ஓர் அங்கம் இந்தப் புதிய கதாகாலட்சேபத்தில் விடுபட்டுப் போயிற்று. விவகாரமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

இதை விளக்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கிள்ளியாற்றங்கரையில் உள்ள ஆற்றுக்கால் பகவதி கோயிலில், ஆண்டுதோறும் பெண்கள் கூடிப் பொங்கலிடும் கும்பமாதப் பொங்கலை விழாவை ஒட்டி, பத்து நாட்கள் ஒரு புராணத் தொடர் நடைபெற்று வருகிறது. மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் ஒரு சிறுமியாய் வந்து முல்லுவீட்டுக் காரணவரிடம் ஆற்றைக் கடத்திவிடச் சொன்னாள் என்பது அவ்வூர் ஐதிகம். அவளுடைய கதையைப் பாட்டுக்காரர்கள் கோயிலின் முன் பந்தலில் அமர்ந்து நாளுக்கொரு பகுதியாகத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். நம்முடைய சிலப்பதிகாரத்தின் தலைவியே அங்கு மலையாளம் பேசுகிறாள். ஆனால் நாம் அவளை வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம், அவர்களோ அடுப்பங்கரைக்கு அழைத்துக்கொண்டார்கள். (தமிழனாகிய எனக்கு இதைச் சொல்லச் சிறிது வெட்கமே.) பாட்டு தொடங்குமுன் பஞ்சலோகக் காப்பு ஒன்று தேவியின் உடைவாளிலும், மற்றொன்று தலைமைப் பூசாரியான மேல்சாந்தியின் கையிலும் கட்டப்படுகிறது. கொடுங்கல்லூரிலிருந்து தேவியை வரவழைத்துக் குடியிருத்திய பின்பே கதை நகர்கிறது. கோவலன் கொலையுண்ட பகுதி பாடப்பட்டால், மறுநாள் காலை நடை வழக்கத்தினும் தாமதித்தே திறக்கிறது. பாட்டில் நேர்ந்த மரணத்துக்குக் கோயில் துக்கம் காக்கிறது! பாண்டியன் வதம் பாடி முடிந்த அந்த வேளையில்தான் கருவறையிலிருந்து எடுத்த நெருப்பால் பண்டார அடுப்பு மூட்டப்பட்டு, அதிலிருந்து நகரத்துத் தெருக்களெங்கும் பெண்கள் வைத்திருக்கும் அடுப்புகளுக்குத் தீ பரவுகிறது. 2009-இல் அப்படிக் கூடியவர்கள் இருபத்தைந்து லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தார் பதிந்தார்கள். மறுநாள் இரவு காப்பு அவிழ்க்கப்படுகிறது; குருதி தர்ப்பணம் நடக்கிறது; கதை முடிகிறது. கேட்டவர்கள் கதையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். அடுத்த கும்பம் வரும்வரை கண்ணகியின் கோபத்தை எவரும் சுமந்து திரிய வேண்டியதில்லை.

கர்க்கடக மாதம் முழுதும் வீடுகளில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை வாசித்து மாத முடிவில் நூலைக் கட்டிவைப்பதும், கம்பன் பட்டாபிஷேகத்தோடு எழுத்தாணியைக் கீழே வைத்ததும் இந்த மரபைச் சேர்ந்தவையே. கதகளியில் அரிதாரத்துக்கும் சுட்டிக்கும் அடியில் நடிகனின் சொந்த முகம் மறைந்துவிடுகிறது. ஆட்டம் தனாசி என்னும் இறுதி வணக்கத்தில் முடிந்து, அணியறையில் அவன் முகத்தைக் கழுவும்போது, பச்சை வேஷத்தின் நளனோ கிருஷ்ணனோ அவனோடு வீட்டுக்கு வருவதில்லை.

தொலைக்காட்சித் தொடரிலோ நடிகரின் சொந்த முகமே தெய்வத்தின் முகமாயிற்று, கழுவிக்கொள்ள வழியில்லை. இராமனாக நடித்த அருண் கோவில், தாம் புகைபிடித்துக் கொண்டிருந்ததைக் கண்டு ஒருவர் கடிந்துகொண்டதையும், அதன்பின் அப்பழக்கத்தையே விட்டதையும் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இது நன்மையாக முடிந்த உதாரணம். சீதையாகத் தோன்றிய தீபிகா சிக்லியா 1991-இல் பரோடாவிலிருந்து லோக்சபைக்குச் சென்றார். அதே தேர்தலில் இராவணனாகத் தோன்றிய அரவிந்த் திரிவேதி சாபர்காந்தாவிலிருந்து அங்கே சென்று, இலங்காதிபதியும் ஜானகியும் ஒரே கட்சியின் ஆசனங்களில் அமர்ந்தார்கள். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் கிருஷ்ணனாக வந்த நிதீஷ் பரத்வாஜ் 1996-இல் ஜாம்ஷெட்பூரிலும், அருண் கோவில் 2024-இல் மீரட்டிலும் வென்றனர். எந்தப் பிரஜையும் தேர்தலில் நிற்கலாம். அவர்கள் மீது குற்றம் காண்பது என் நோக்கமன்று. ஆனால் வாக்குச் சீட்டில் முத்திரை குத்திய கையும் மாலை சாற்றிய கையும் ஒன்றாயிருந்தால், அந்த வாக்கு யாருக்கு அளிக்கப்பட்டது என்ற கேள்வி அரசியலைச் சேர்ந்ததன்று, சமயத்தைச் சேர்ந்தது. ஆவாகனம் செய்த தெய்வத்தை உத்வாசனம் செய்யாமலே மஞ்சளை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டதைப் போன்றது அது.

பட்டாபிஷேகத்தோடு தொடர் நிற்கப்போகிறது என்றறிந்தபோது, வடநாட்டு நகரங்கள் சிலவற்றில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததையும், அதன்பின் உத்தரகாண்டக் கதையும் தொடராக எடுக்கப்பட்டதையும் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வால்மீகியைத் தம் குலகுருவாகக் கொண்டாடும் அம்மக்கள், லவகுசரை வளர்க்கும் முனிவராக அவர் தோன்றும் காண்டத்தை விட்டுவிட்டுக் கதையை முடித்ததாக எண்ண இயலுமா? அவர்களுடைய கோரிக்கை நியாயமானது என்பேன். கோயிலில் எந்த இடத்தில் கதை முடியும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த ஊர் முடிவு செய்கிறது. இங்கே அதை அரசாங்கத்தின் ஒப்பந்தம் முடிவு செய்தது; பின்வந்த தனியார் அலைவரிசைகளில் விளம்பரதாரர் முடிவு செய்கிறார்கள்.

திரைப்படத்துக்காவது ஒரு முடிவு உண்டு. திருவனந்தபுரத்து நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவிய நாகர்கோயில்காரர் பி. சுப்பிரமணியம், 1975-இல் 'சுவாமி ஐயப்பன்' படத்தை எடுத்தபோது, திரையரங்கில் வெளிச்சம் போடப்பட்டதும் கதை முடிந்தது. படத்தின் இலாபத்தில் ஒரு பங்கு பம்பையிலிருந்து சந்நிதானத்துக்குப் பாதை அமைக்கச் சென்றதாகவும் சொல்வார்கள். அதே நிறுவனத்தார் 2006-இல் ஏசியாநெட்டில் ஐயப்பன் கதையைத் தொடராக்கினார்கள். பக்தியில் குறைவில்லை. ஆயினும் மலைக்குச் சென்று திரும்பியவன் கழுத்து மாலையைக் கழற்றி விரதத்தை முடிக்கிறான். தொடரைப் பார்த்தவனுக்கு அணிந்த மாலையும் இல்லை, கழற்றும் நாளும் இல்லை.

2020 மார்ச் 28 முதல் ஊரடங்கின்போது பழைய இராமாயணம் மறுபடி ஒளிபரப்பாயிற்று. காலையும் இரவும் காட்டினார்கள். அமர்ந்து பார்த்தவர்கள் ஏராளம். மறு ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி ஆற்றுக்கால் பொங்கலை வந்தது. நோய்க்கு அஞ்சித் தெருக்களில் அடுப்பு வைப்பது தடுக்கப்பட்டு, கோயிலில் பண்டார அடுப்பு மட்டுமே மூட்டப்பட்டது. பெண்கள் தத்தம் முற்றத்தில் செங்கல் அடுக்கி, பானையில் நீர் ஊற்றி, தொலைக்காட்சியைப் பார்த்துக் காத்திருந்தார்கள். கருவறைத் தீ பண்டார அடுப்பில் பற்றியதைத் திரையில் கண்ட பின்னரே தம் அடுப்பைப் பற்றவைத்தார்கள். அன்று அந்தப் பெட்டி காப்புக்குக் கட்டுப்பட்டிருந்தது: எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதை அது தீர்மானிக்கவில்லை, கோயில் தீர்மானித்தது. தீர்த்தம் தெளிக்க வரும் பூசாரிமாரும் அவ்வாண்டு வரவில்லை. நிவேதன வேளையில் வீட்டுப் பெண்களே பூவும் நீரும் தெளித்துக்கொண்டார்கள். அது செல்லுமா என்று கேட்ட வைதிகர் ஒருவரையும் நான் காணவில்லை.