முதலில் கடன், பிறகே கொடை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. மலையில் பெய்த மழை அங்கே தேங்கி, வாய்க்கால் வழியாக வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அதற்குக் கீழேயுள்ள கண்மாய்க்குத் தண்ணீர். அப்புறம் அது அர்ச்சுனா நதியில் ஓடி வைப்பாற்றில் கலக்கிறது. மேல்மடைக்காரன் மனம் வைத்தால்தான் கீழ்மடைக்காரன் வீட்டில் அடுப்பெரியும் என்பது இப்பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

இப்படி ஒரு மடை வழக்கு நம் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்துக்கும் வந்தது. மதீனாவின் ஹர்ராப் பகுதியில் ஓடிய வாய்க்கால் நீர் குறித்து, ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் இடையே எழுந்த வழக்கு அது. மேலே நிலம் வைத்திருந்த ஸுபைர் (ரலி) முதலில் பாய்ச்சிக்கொண்டு, பின்பு அண்டை நிலத்தாருக்குத் தண்ணீரை விட்டுவிட வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. முழு உரிமை இல்லை. அவருக்குப் பின் இன்னொருவர் இருக்கிறார்.

இந்தக் காலத்தில் பல ஊர்களில் மேல்மடையில் இருப்பது தொழிற்சாலை. நீரை முதலில் எடுப்பதும் அதுவே; எடுத்த நீரை எந்த நிலையில் திருப்பி விடுவது என்று தீர்மானிப்பதும் அதுவே. தொழிலைப் பழிப்பது நமது நோக்கமன்று. 1936-ல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கிய பின், இந்தச் சீமையில் எத்தனை குடும்பங்கள் ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன! மக்களுக்குத் தேவையான தொழில்களை ஃபர்ளு கிஃபாயா என்றே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எண்ணினார்கள். நாம் கேட்க வந்த கேள்வி வேறு: ஒரு கம்பெனி செய்யும் தானம், அது செய்யும் தீங்குக்கு ஈடாகுமா?

இக்கேள்வி இப்போது காகிதத்திலும் ஏறிவிட்டது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் எவ்வளவு நீர் எடுத்தோம், எவ்வளவு கழிவு விட்டோம், எத்தனை தொழிலாளர் விபத்துக்குள்ளாயினர் என்றெல்லாம் அறிக்கை தர வேண்டுமென்று செபி அமைப்பு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடே. ஆனால் படிப்பவர் மனத்தில் அறிக்கை தராசாக மாறிவிடுகிறது. ஒரு தட்டில் கழிவு, மறு தட்டில் பள்ளிக்கூடக் கட்டடம். சரியாகப் போயிற்று என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

இந்தத் தராசு நம் சமுதாயத்துக்கு அந்நியமானதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு ஊர்களை எண்ணிப் பாருங்கள். தோல் பதனிடும் தொழிலில் நம் மக்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் தொழில் வளம் பள்ளிவாசல்களாகவும் மதரஸாக்களாகவும் கல்விக்கூடங்களாகவும் மாறியது. வாணியம்பாடியில் 1919-லேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. அந்தக் கொடையாளர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

அதே பாலாற்றுக் கரையில்தான் மற்றொரு கணக்கும் வளர்ந்தது. பதனிடாத கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 28-8-1996 அன்று வந்த தீர்ப்பு ஓர் ஆய்வை எடுத்துக் காட்டியது: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது! மாசு செய்தவரே அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்பதை இந்நாட்டின் சட்டமாக அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனால் 30-1-2025 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்குச் சேர வேண்டிய ஈட்டுத்தொகையைக் கொடுத்து முடிக்கும்படி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. 1996-ல் வாலிபனாயிருந்த விவசாயி இன்று முதியவர். இடையில், 31-1-2015 இரவு இராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.

இனி ஷரீஅத்தின் வாசலில் நின்று பார்ப்போம். அல்லாஹ்வின் ஹக்கு வேறு, அடியார்களின் ஹக்கு வேறு என்று நம் உலமாக்கள் பிரித்துச் சொல்கிறார்கள். ஒருவரின் கிணற்றைக் கெடுத்தது அடியாரின் ஹக்கு, அது கடன். கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அக்கடனுக்கு ஒருவர் பொறுப்பேற்கும் வரை தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை என்பதை நாம் அறிவோம். திருமறை வாரிசுப் பங்கைச் சொல்லும் இடத்திலும் கடன் தீர்ந்த பிறகே பங்கு. அப்படியிருக்கக் கிணற்றுக்காரனுக்குத் தர வேண்டியதை நிறுத்தி வைத்துக்கொண்டு மினாரா கட்டினால், அது யாருடைய பணத்தில் எழுந்த மினாரா?

உலகச் சட்டமே இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. வேறு சட்டப்படி ஒரு கம்பெனி செய்தே தீர வேண்டிய வேலையை அந்த 2 சதவீதக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது விதி. கழிவுநீரைச் சுத்தம் செய்வது தர்மமன்று; கடமை.

மறுமையில் ஈடு செய்தல் உண்டே எனலாம். உண்மை, உண்டு. தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மஹ்ஷருக்கு வந்து சேரும் ஒருவரின் நன்மைகள், அவரால் அநீதிக்குள்ளானோருக்குப் பங்கிடப்படும். அவை தீர்ந்தபின் அவர்களின் பாவங்கள் இவர்மேல் சுமத்தப்படும். அவரே உண்மையான முஃப்லிஸ் என்கிறது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்து. அங்கே நன்மைகள் போய்ச் சேருவது இழந்தவர் கைக்கு. இங்கேயோ தீங்கு கிராமத்து விவசாயிக்கு, கொடை நகரத்துக் கட்டடத்துக்கு! இது எப்படி ஈடாகும்?

தொழிலதிபர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பாலாறு வறண்டதற்கு மணல் கொள்ளையும் காரணம். நூற்றுக்கணக்கான ஆலைகளுள் யார் விட்ட உப்பு யார் கிணற்றில் இறங்கியது என்று பிரித்தறியவும் இயலாது. சுத்திகரிப்புச் செலவைத் தாங்காமல் சிறு ஆலை மூடினால் தொழிலாளி தெருவில் நிற்பான். இவற்றைக் கேட்காமல் பேசுவது நீதியன்று. ஆனால் தன் பங்கு சிறியது என்பதால் பங்கே இல்லையென்று ஆகிவிடாது. கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர் தம் பகுதியில்தானே துளையிடுகிறோம் என்று எண்ணினால் கப்பலே மூழ்கும் என்ற நபிமொழி உவமையில், சிறிய துளைக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. பெருமக்கள் பலர் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தது சரியான வழியே. அவற்றைப் பழுதின்றி நடத்துவதும், அருகில் உறங்கும் கூலியாளின் உயிருக்குப் பொறுப்பேற்பதும் அந்த வழியின் மீதிப் பாதி.

இதில் நம் வீடுகளுக்கு என்ன வேலை? இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் பெருங்கொடையை வாங்குமுன், ‘உங்கள் ஆலைக்குக் கீழேயுள்ளவர்கள் நலமா?’ என்று பணிவோடு கேட்கலாம். கம்பெனிப் பங்கு வைத்திருப்போர் வட்டியை விசாரிப்பதோடு கழிவையும் விசாரிக்கலாம். இலாபத்தில் பங்கு கொண்டவருக்குப் பொறுப்பிலும் பங்குண்டு. ஆண்டறிக்கை எழுதும் உத்தியோகத்தில் இருக்கும் நம் இளைஞர்கள், அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு சாட்சியம் என்பதை மறக்கலாகாது. வாங்கும்போது நிறைத்து அளந்து, கொடுக்கும்போது குறைப்போருக்குத் திருமறை கேடு கூறுகிறது. இலாபத்தைப் பைசா தவறாமல் அளந்துவிட்டு, நஞ்சை அளக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதும் அளவையில் மோசடியே.

பிளவக்கல்லில் மடை திறக்கும்போது கடைசிக் கண்மாய்க்காரன் கிழக்கே காத்திருக்கிறான். அவன் முகத்தை மேலே இருப்பவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். காணாத அந்த மனிதனின் ஹக்கைப் பேணுவதும் ஈமானின் அடையாளமேயாகும். தீர்க்க வேண்டிய கடனை இம்மையிலேயே தீர்த்து, பிறகு மனங்குளிரக் கொடுக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.