அறியாது இழைக்கும் துன்பம்

படிப்பில் பின்தங்கிய சிறுவனைச் ‘சோம்பேறி’ என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர் தீய எண்ணம் உடையவர் அல்லர். அவன் முன்னேற வேண்டும் என்ற அக்கறையே அவரை அவ்வாறு பேசவைக்கிறது. எண்ணத்தில் குற்றம் இல்லாதபோது, அச்சொல்லால் அவன் அடையும் துன்பத்திற்கு அவர் பொறுப்பாவாரா? ஆசிரியப் பணி புரிவோர் பலரைக் கொண்ட நம் குடும்பங்களில் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமே என்று கருதுகிறோம்.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். எண்களை எளிதில் படிப்பான். 749ஐ 867ஆல் விரைந்து பிழையின்றிப் பெருக்கினான். ஆனால், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடைபெறுமானால் பள்ளியிலேயே சிறந்தவன் இவனே என்று சொன்னவர் அவனுடைய ஆசிரியர்தாம். மாணவனை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார்; அவனுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதை அவருக்குச் சொல்ல அன்று எவருமிலர். அவரைக் குறைகூறுதல் தகாது.

இன்றைய நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. கற்பிக்கும் முறைகளும் உள்ளன. அறிய வழியிருந்தும் அறியாதிருத்தலை நம் அறநூல்கள் என்னவென்று சொல்லும்? இம்சையின் வேரை அவை பிரமாதம் எனப்படும் கவனக்குறைவிலன்றோ காண்கின்றன!

மதிப்பிடுதல் என்றதும் மதிப்பெண்ணே நினைவுக்கு வருகிறது. இங்கு வேண்டுவது அதுவன்று. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்ய வேண்டும். பின்னர், குழந்தையை உரக்கப் படிக்கச் சொல்லிப் பிழைகளை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்து எழுதுவதையும் கேட்டு எழுதுவதையும் ஒப்பிட்டு, அதே வினாவுக்கு வாயால் சொல்லும் விடையையும் கேட்க வேண்டும். பிழைகளில் ஓர் ஒழுங்கு புலப்படும். தமிழில் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’ என்பதிலோ இருபுறமும் நிற்கிறது. ‘கடல்’, ‘அகம்’, ‘பங்கு’ மூன்றிலும் ககரம் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. பழகிய நமக்கு இவை கண்ணிலேயே படுவதில்லை. தடுமாறும் குழந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு பள்ளம். ஒரு வேளைக்கு ஒரு குறி என்று, ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதவைத்து, அது உறுதியான பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். (நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியே பயின்றனர், அங்குப் பிரம்பும் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.) இத்திறன் ஒருநாள் சொற்பொழிவைக் கேட்டு வருவதன்று. அனுபவம் மிக்கவர் அருகிலிருந்து பார்த்துத் திருத்த, ஒரு குழந்தையோடு பல வாரங்கள் பழகியே இது கைகூடும்.

‘குறைபாடு’ என்று பெயரிட்டால் குழந்தைக்கு அது தழும்பாகிவிடாதா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆயினும், பெயரில்லாத குழந்தை எவரும் இல்லை. ‘மக்கு’ என்ற பெயரை வகுப்பு முன்பே சூட்டிவிட்டிருக்கும். சான்றிதழ் வழங்குவது உரிய வல்லுநரின் பணி. தேர்வில் கூடுதல் நேரம் பெற அது உதவும். ஆசிரியரின் குறிப்பேட்டிலோ அப்பெயர்கூட வேண்டியதில்லை: ‘ககர வரிசையில் கூ வரை தடையில்லை, கெ, கே இரண்டும் மயங்குகின்றன, திங்களன்று கெகரத்திலிருந்து தொடங்குக.’