வேலையில்லாமை யார் செய்த பாவம்?

நாமக்கல் மாவட்டச் சேந்தமங்கலத்துச் சந்நியாசிக் கரட்டில் தத்தாத்ரேயர் கோயில் இருக்கிறது. அந்தக் கரட்டுக் குகையில் வாழ்ந்து 1948இல் சித்தியடைந்த சுயம்பிரகாச அவதூதர் இடுப்புத் துணியைக்கூடத் துறந்தவர். அவருடைய குரு, புதுக்கோட்டையில் அடங்கியிருக்கும் ஜட்ஜ் சுவாமிகள். நீதிபதி வேலையை உதறிவிட்டு வந்தவருக்கு, உதறிய வேலையே பேராக ஒட்டிக்கொண்டது. இருவரும் பிழைப்புக்கென்று எதையும் செய்யவில்லை. ஊர் சோறு போட்டது, விழுந்து கும்பிட்டது. அதே ஊரில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பையனைக் கல்யாணப் பந்தியில் "தம்பி இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டே குனிய வைத்துவிடுகிறோம். வேலையை விட்டவர் ஞானி, வேலை கிடைக்காதவன் தண்டச்சோறு என்பது நம் வழக்கம். மனிதனுக்கு மதிப்பு வேலையால்தான் வருகிறதென்றால் முன்னவரை வணங்க நியாயமில்லை. இல்லையென்றால் பின்னவனை வெட்கப்படுத்த நியாயமில்லை.

துறவி தெரிந்தே வேலையை விட்டார், ஆசையையும் சேர்த்து விட்டார், இவன் அப்படியா என்று உடனே கேட்பார்கள். கேள்வி சரி. ஆனால் அது வேலை கிடைக்காதவனுக்கே சாதகமாக முடிகிறது. ஒருவன் மனமறிந்து செய்ததற்குத்தான் அவன் பொறுப்பு. தானாக விரும்பி வேலையை விட்டவர்மேல் பழியில்லை, விரும்பாமல் இழந்தவன்மேல் பழி என்றால் தராசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். பழி சொல்ல வேண்டுமானால் இரண்டில் ஒன்றைக் காட்டியாக வேண்டும்: அவன் சோம்பேறி, அல்லது இது அவன் போன ஜென்மத்துக் கணக்கு.

இரண்டையும் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் வைத்துப் பார்க்கலாம். பல வண்டிகள் கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாகத்தான் வரும். முன்கண்ணாடிகூட இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். அதன்பிறகு மரவேலை, வெல்டிங், டிங்கரிங், வயரிங், சீட்டு தைப்பது, பெயின்ட், கடைசியில் முகப்பில் குலதெய்வத்தின் பெயரை எழுதுவது என்று ஒரு வண்டி பல கை மாறித்தான் சாலைக்குப் போகிறது. ஒருவர் கை நின்றால் அடுத்தவர் கை சும்மா இருக்கும். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பைக் கூட்டியது. இருக்கிற வண்டியிலேயே அதிகம் ஏற்றலாம் என்றானபின் புது வண்டி வாங்கும் அவசரம் குறைந்தது. கடன் நெருக்கடியும் மந்தமும் சேர்ந்துகொள்ள, அடுத்த நிதியாண்டில் நாடு முழுதும் கனரக லாரி விற்பனை சரிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து வண்டி விலை ஏறியது. அதற்கு முந்தின வாரமே கொரோனா ஊரடங்கு. இதில் வெல்டர் செய்த தவறு என்ன? நேற்றுவரை அவர் கைக்கு ஓய்வில்லை. டெல்லியில் ஓர் அறிவிக்கை வந்ததும் அவருக்குச் சோம்பல் வந்துவிட்டதா? குச்சிக்கிழங்கு வரத்து முடிந்ததும் ஓய்ந்துவிடும் சேகோ பேக்டரிகளிலும், முட்டை விலை விழுந்ததும் தீவனச் செலவுக்கே திணறும் கோழிப்பண்ணைகளிலும் இதே கதைதான்.

ஊழ்வினைக்காரர்கள் சோம்பலைச் சொல்ல மாட்டார்கள். அறிவிக்கை ஒரு கருவி, வினைப்பயன் அதன்வழியாக வந்தது என்பார்கள். இருக்கட்டும். வினைக்கொள்கை அவரவர் கணக்கு அவரவருக்கு என்பதில்தான் நிற்கிறது. ஒரே சாலையில், ஒரே மாதத்தில், வெல்டர், தச்சர், பெயின்டர் அத்தனை பேர் கணக்கும் ஒன்றாக முதிர்ந்து, விற்பனை ஏறியதும் ஒன்றாகவே தீர்ந்துபோகுமா? அந்தக் கொள்கையை உண்மையாக நம்புகிறவர்தான் முதலில் இதற்குச் சங்கடப்பட வேண்டும். அப்படியே வினைதான் என்று வைத்துக்கொண்டாலும், துன்பப்படுகிறவனைக் குத்திக்காட்டும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் டீக்கடையில் கேட்பது: "வேலையா இல்லை? செய்யத்தான் ஆளில்லை." லாரிக்கு டிரைவர் கிடைப்பதில்லை, பண்ணைகளிலும் தறிகளிலும் வடமாநிலத்தவர் நிற்கிறார்கள் என்பது உண்மை. புள்ளிவிவரமும் மேலோட்டமாக அதற்கு ஒத்துப்போகும். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலையின்மை நாடு முழுதும் 3.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5, கேரளத்தில் 7.2, மத்தியப் பிரதேசத்தில் 1. ஆனால் படித்த கேரளம் சோம்பேறி, மத்தியப் பிரதேசம் சுறுசுறுப்பு என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். அந்தக் கணக்கில், வருஷத்தின் பெரும்பகுதியை வேலை தேடியே கழித்தவரும் 30 நாள் ஏதாவது செய்திருந்தால் வேலையுள்ளவர். வேலை தேடாமலும் வேலைக்குத் தயாராக இல்லாமலும் இருப்பவர் இந்த விகிதத்திலேயே வருவதில்லை; சந்நியாசியைப் போல அவரும் வெளியே. பசிக்குப் பயந்து கிடைத்ததைச் செய்கிறவர்கள் அதிகமுள்ள இடத்தில் விகிதம் குறையும். வீட்டில் கொஞ்சம் சோறும் கையில் படிப்பும் உள்ளவன்தான் காத்திருக்க முடியும். அந்தக் காத்திருப்பில் ஒரு நியாயம் உண்டு. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரிக்கிறது. தொழில் மாற விடாமல் தடுத்து வேலையின்மைக்கே காரணமாகிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அப்பன் தொழில் வேண்டாம் என்று படித்து வந்த பிள்ளை, மாதத்தில் பாதி நாள் வீடு தங்காத டிரைவர் வேலையை மறுத்தால் அதைத் திமிர் என்பது எளிது. அப்படிச் சொல்கிறவர் தன் மகனுக்கு அந்த வேலையைத் தேடுகிறாரா என்று பார்த்தால் போதும்.

சோம்பேறிகள் இல்லாமலில்லை. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். உழைப்பு அறம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் சோற்றை உழைப்புக்குக் கூலியாக மட்டும் பார்த்ததில்லை நம் மரபு. அப்படிப் பார்த்திருந்தால் கரட்டுக்குச் சோறு போயிருக்காது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத்தில் இலைபோடுமுன் யாரையும் என்ன வேலை என்று கேட்பதில்லை. அரசின் வேலையில்லா உதவித்தொகைக்கோ வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும். அதன்பிறகு பட்டதாரிக்குக் கிடைப்பது மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்று ஆண்டுக்கு.