விளக்கை அணைத்தவர்

"வெசாக் லீவுக்குப் புள்ளையள் கொழும்பு பார்க்கோணுமாம் மச்சான். வரட்டா?"

2024 மே மாத நடுப்பகுதியில் சம்மாந்துறையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு அது. "இதென்ன கேள்வி? வாங்க" என்றேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்கவில்லை. அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. குசினியில் நின்ற மனைவியிடம் செய்தியைச் சொன்னபோதுதான், கேட்க வேண்டிய ஒருவரிடம் கேட்காமல் சொல்கிறேன் என்ற எண்ணம் இலேசாகத் தட்டியது. தட்டியதை நான் பொருட்படுத்தவில்லை.

எங்களுடையது தெமட்டகொடையில் மூன்றாம் மாடி வீடு. இரண்டு அறைகள், ஒரு ஹோல், ஒரு குளியலறை. நாங்கள் நான்கு பேர். வருகிறவர்கள் நண்பன், அவனது மனைவி, மூன்று பிள்ளைகள், அவனுடைய உம்மா என ஆறு பேர். 23ஆந் திகதி வியாழக்கிழமை வெசாக் போயா, மறுநாளும் விடுமுறை, பிறகு சனியும் ஞாயிறும். வியாழன் அதிகாலை வந்து ஞாயிறு இரவு பஸ்ஸுக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

அந்த ஆறு பேருக்கும் நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26இல் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன அன்று, உடுத்த உடுப்போடு நாங்கள் ஓடிச் சேர்ந்த இடம் சம்மாந்துறையில் நண்பனின் வீடு. வாப்பா, உம்மா, ராத்தா, ராத்தாவின் பிள்ளைகள், நான் என ஏழு பேர். நாற்பத்தொரு நாள் இருந்தோம். நண்பனின் உம்மாவை நான் மாமி என்றுதான் அழைப்பேன். மாமி தன்னுடைய அறையை எங்கள் உம்மாவுக்குக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் பாய் போட்டுக்கொண்டார். எப்போது போவீர்கள் என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்பது போன்ற ஒரு முகத்தைக்கூட நான் காணவில்லை.

நான் திருமணம் முடித்தது அதற்கும் சில வருடங்களுக்குப் பின்னர். மனைவி பேருவளையைச் சேர்ந்தவள். அந்த நாற்பத்தொரு நாளில் ஒரு பிடி சோற்றையும் அவள் உண்டவளல்ல.

வெசாக் நாட்களில் இறைச்சிக் கடைகளைத் திறக்க முடியாது. எனவே புதன்கிழமையே பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்த கையோடு அவள் மாட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றாள். அயல் வீட்டில் இரண்டு மெத்தைகளும் பெரிய சட்டியொன்றும் இரவல் வாங்கினாள். தண்ணீர் எந்த நேரத்தில் மூன்றாம் மாடிக்கு ஏறும், எந்த நேரத்தில் நிற்கும் என்பதைக் கணக்கிட்டு வாளிகளை நிரப்பினாள். நான் செய்த வேலை, அதிகாலை நாலரை மணிக்குப் புறக்கோட்டைக்குப் போய் அவர்களை அழைத்து வந்தது. தயிர்ச் சட்டிகள் நான்கு, ஒரு மூடை அரிசி, கருவாட்டுப் பொதி என்று அவர்கள் ஊரையே கொண்டுவந்து இறக்கினார்கள்.

அதன் பிறகு மூன்று நாட்களும் நான் விருந்தோம்பினேன். அதாவது, ஊர் சுற்றிக் காட்டினேன். காலிமுகத்திடலில் காற்று வாங்கினோம். புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதோம். தாமரைக் கோபுரத்தின் உச்சியில் நின்று நண்பனின் மூத்த மகன் எங்கள் வீட்டைத் தேடினான். தெஹிவளையில் யானை பார்க்க வேண்டுமென்று கடைக்குட்டி அடம்பிடித்தபோது, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைக்கு யானை எதற்கு என்று நண்பன் சிரித்தான். அவர்களுடைய வயலுக்கு வராத யானையா?

பருவக்காற்றும் மழையுமாக இருந்த வாரம் அது. வெசாக் இரவில் மழை சற்று ஓய்ந்த வேளை பார்த்துத் தோரணம் பார்க்க இறங்கினோம். போகும் வழியெல்லாம் தன்சல். ஓரிடத்தில் சோறு, ஓரிடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, இன்னோரிடத்தில் ஐஸ்கிரீம். வாகனங்களை மறித்துக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இளைஞர்கள் அழைத்தார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் வந்த வெசாக்கில் நாங்கள் வீட்டை விட்டு இறங்கவேயில்லை. அதனால் தொப்பியணிந்த எங்கள் கூட்டத்தைப் பார்த்து ஒரு பையன் "என்ன, என்ன" என்று சிங்களத்தில் 'வாருங்கள்' சொன்னபோது எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது. கடைக்குட்டி ஐஸ்கிரீமை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டு வந்து கேட்டான்:

"வாப்பா, இவங்களுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியா."

"அப்ப ஏன் தாறாங்க?"

"தெரியாததாலதான் மகன்" என்றான் நண்பன்.

பகிடியாகத்தான் சொன்னான். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. தன்சலில் வாங்குபவர் வரிசையில் நிற்கிறார். கோப்பையை வாங்கியதும் நகர்ந்துவிடுகிறார். அவருக்குக் கொடுத்தவரின் குளியலறை தேவைப்படாது. அவரது பிள்ளை இரவில் அழுது கொடுத்தவரை எழுப்பாது. தெரிந்தவருக்குக் கொடுப்பது அப்படியல்ல. நகரத்து வீட்டில் அவர் வந்துவிட்டால் வரிசையில் நிற்பது வீட்டுக்காரர்தான், காலையில் குளியலறைக் கதவுக்கு முன்னால். அந்நியனுக்கு உணவைக் கொடுக்கிறோம். நண்பனுக்கு இடத்தைக் கொடுக்கிறோம். ஊரில் வளவும் கிணறும் திண்ணையும் அந்த இடத்தை நமக்காகக் கொடுத்துவிடுகின்றன. அவற்றின் பெருமையை நாம் நம்முடைய குணமென்று எண்ணிக்கொள்கிறோமோ என்ற சந்தேகம் அந்த இரவில்தான் எனக்கு வந்தது.

இந்த நகரத்துக்கென்று இன்னொரு சரித்திரமும் உண்டு. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு விருந்தாளி என்பவர் பொலிஸில் பதியப்பட வேண்டிய பெயர். எங்கிருந்து, எதற்கு, எப்போது திரும்புவீர்கள் என்பவை வாசலில் நின்று சீருடை கேட்ட கேள்விகள். 2007 ஜூன் 7ஆந் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அவற்றைக் கண்ட எவருக்கும் "எப்ப போறீங்க?" என்ற கேள்வி வெறும் கேள்வியாகக் காதில் விழாது. நான் அதை ஒருபோதும் கேட்பதில்லை என்று உறுதி பூண்டவன்.

வெள்ளி இரவு ஒரு மணியிருக்கும். தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மனைவி கழுவிய பீங்கான்களுக்கு நடுவே தரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி உறங்கியிருந்தாள். நான் தட்டியதும் திடுக்கிட்டு விழித்து, "காலைக்கு மா குழைக்கணும்" என்றாள்.

"விடு, கடையில வாங்குவம்."

"மூணு நாளா நீங்க சொல்ற ஒரே ஒரு உதவி இதுதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "நீங்க கூப்பிட்டீங்க. விருந்து குடுத்தது நான்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நம்மிடம்தான் எல்லாவற்றுக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறதே. மதீனாவில் பசியோடு வந்த ஒருவரை அன்ஸாரித் தோழரொருவர் வீட்டுக்கு அழைத்துப்போன சம்பவத்தைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு மட்டுமே போதுமான உணவு. பிள்ளைகளைத் தூங்க வைத்து, விளக்கை அணைத்து, இருட்டில் தாங்களும் உண்பது போல் பாவனை செய்து, விருந்தாளியைச் சாப்பிட வைத்து, பசியோடு இரவைக் கழித்த குடும்பம் அது. ஹஷ்ர் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சம்பவம். ஜும்ஆக்களில் நான் எத்தனையோ முறை கேட்டு உருகியிருக்கிறேன்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த விளக்க அணச்சது யாரு?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு வந்தது. விளக்கைச் சரிசெய்வது போல எழுந்துபோய் அணைத்தது அந்தத் தோழரின் மனைவி. பிள்ளைகளைத் தூங்க வைத்ததும் அவர்தான்.

மறுநாள் ஸுபஹ் தொழுகைக்குப் பின் புகாரியின் அந்தப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் காலை நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழரிடம் அல்லாஹ் சிரித்ததாக அல்லது வியந்ததாகச் சொல்லும் இடத்தில், 'உங்கள் செயல்' என்ற சொல் அரபியில் இருமையில் வருகிறது. உங்கள் இருவரின் செயல். தமிழில் ஒருமையும் பன்மையும்தான் உண்டு, இருமை இல்லை. ஆகையால் மொழிபெயர்ப்பில் அந்தப் பெண் பன்மைக்குள் கரைந்துபோகிறார். என் வாழ்க்கையில் அவர் ஒருமைக்குள் கரைந்திருந்தார். 'நான் விருந்து வைத்தேன்' என்பது எங்கள் ஆண்கள் கூசாமல் சொல்லும் வசனம்.

ஆனால் அந்தத் தோழர் மனைவியிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். உணவு குறைவு என்பதை இருவரும் அறிந்தே இருட்டில் உட்கார்ந்தார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. ஒருவர் தன்னுடையதைத் துறந்தால் அது தியாகம். இன்னொருவருடைய தூக்கத்தையும் விடுமுறையையும் முதுகையும் எடுத்துக் கொடுத்துவிட்டு அதைத் தியாகம் என்று சொன்னால் அதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டார்களா என்றும் ஒருவர் கேட்கலாம். கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறுவேன்.

எங்கள் சுவர்கள் மெல்லியவை. ஹோலில் குசினிப் பக்கமாக மாமி படுத்திருந்தார்.

சனி காலையில் நண்பன், "வயலுக்குத் தண்ணி தாறாங்களாம் மச்சான், நான் நிக்கோணும். இண்டைக்கு ராவே போறம்" என்றான். மே மாதம் யல போகம். சொன்னது நம்பக்கூடிய காரணம்தான். என் மனைவி பதறிப்போனாள். இன்னுமொரு நாள் நிற்கும்படி மாமியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அந்தக் கெஞ்சலில் நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். முந்தைய இரவில் சொன்னதும் நடிப்பில்லை. இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கின்றன என்று வியந்தேன். சோர்வு வேறு, அன்பின்மை வேறு என்ற சிறிய விஷயம் எனக்கு அதுவரை பிடிபடவில்லை.

விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தர்மம் என்ற ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. அதன் பிற்பகுதி விருந்தாளிக்குச் சொல்லப்பட்டது: வீட்டுக்காரர் சங்கடப்படுமளவுக்குத் தங்கியிருக்க வேண்டாம். அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐம்பத்து மூன்றாம் வசனம் இன்னும் நுட்பமானது. சாப்பிட்ட பிறகும் பேச்சில் மூழ்கியிருப்பது நபியவர்களுக்குச் சிரமமாக இருந்தது. ஆனால் எழும்புங்கள் என்று சொல்ல அவர்கள் வெட்கப்பட்டார்கள். நபிக்கே சொல்ல நா எழாததை வஹீ சொல்ல வேண்டியிருந்தது! அப்படியிருக்க, சொல்லாமலே இருந்துவிட்டேன் என்பதை நான் எப்படி ஒரு பெருமையாக வைத்துக்கொள்வது? அந்த நாற்பத்தொரு நாளும் மாமியின் முகத்தில் நான் ஒன்றையும் காணவில்லை என்றேன். நான் பார்த்தேனா? பல வருடங்களுக்கு முன் எங்கள் உம்மா ஒரு பேச்சில் சொன்னது அன்று நினைவுக்கு வந்தது: எல்லோரும் உறங்கிய பிறகு மாமி கிணற்றடியில் போய்த் தனியே உட்கார்ந்திருப்பாராம். உம்மா அதைக் கண்டதற்கு மறுநாளிலிருந்து விடிய எழும்பி, மாமிக்கு முன்னால் அடுப்பு மூட்டத் தொடங்கினாராம். அந்த நாட்களில் நான் நண்பனோடு முகாம்களுக்கு நிவாரணப் பொருட்கள் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சனி முற்பகல் மாமி ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனார். "மாமி, நீங்க இரிங்க" என்று தடுக்கப் போன என்னை ஒரு பார்வை பார்த்தார். வெங்காயம் உரித்தார், சட்டிகளைத் தேய்த்தார். முதலில் மறுத்த மனைவி பிறகு மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. விருந்தாளிக்கு வேலை கொடுப்பது மரியாதைக் குறைவு என்று யார் எங்களுக்குக் கற்பித்தார்களோ தெரியாது. அந்த வீட்டில் மூன்று நாட்களாக இல்லாதிருந்த ஓர் இலகு அப்போதுதான் வந்தது.

இரவு அவர்களைப் புறக்கோட்டையில் பஸ் ஏற்றினேன். மாமி கேட்டாரா, கேட்டதை மகனிடம் சொன்னாரா என்று என்னால் விசாரிக்க முடியவில்லை. விசாரிப்பதே ஓர் அவமரியாதை.

ஒரு வாரம் கழித்து நண்பனோடு பேசும்போது, "தண்ணி ஒழுங்கா வந்ததா?" என்றேன்.

"எந்தத் தண்ணி?" என்றான். பிறகு, "ஓ, வந்திச்சி மச்சான், வந்திச்சி."

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, மாமியிடம் கொடுக்கச் சொன்னாள். ஆகஸ்ட் விடுமுறைக்கு வர வேண்டும் என்றாள். ஒரு கிழமை நிற்க வேண்டும் என்றாள். "மூணு நாளைக்குப் பிறகு நான் சமைக்க மாட்டேன் மாமி, நீங்கதான் சமைக்கணும்" என்றாள். அந்தப் பக்கத்தில் மாமி என்ன சொன்னாரோ, இவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஓம், தண்ணி தூக்க ஆளிருக்கு" என்றாள்.