இரண்டாவது ஸ்தானம்

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். பெரியண்ணன் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். சின்னண்ணன் எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் டாக்டர்கள். ஆசிரமத்தைத் தொடங்கியது 1921இல். வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியர் ஒருவருக்கு அடுத்தபடியாக இருப்பது, சர்க்காரிலும் சரி சபையிலும் சரி, அபூர்வமாக இருந்த காலம் அது. ஆரணியும் திருப்பத்தூரும் 1989 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். இருந்தும் இந்தப் பெயர்களை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். நான் கிறிஸ்தவன் அல்ல. ஆங்கில இலக்கியம் படிக்கப் போய், அதன் வழியாக பைபிளுக்குள் நுழைந்தவன். ஆனால் கிறிஸ்தவத்தில் பெரியவன் என்றால் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த இரண்டு பெயர்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சுவிசேஷத்தில் அந்தக் கேள்வி ஒரு பதவி விண்ணப்பமாகத்தான் வருகிறது. யாக்கோபும் யோவானும் ஏசுவிடம் வந்து, அவருடைய மகிமையில் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் கேட்கிறார்கள். மாற்கு இதை அப்படியே எழுதிவிடுகிறார். மத்தேயு அவர்களுடைய தாயைக் கேட்க வைக்கிறார். சீஷர்களின் ஆசை அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். கிடைத்த பதில் நமக்குத் தெரியும்: பெரியவனாக விரும்புகிறவன் மற்றவர்களுக்குப் பணிவிடை செய்யட்டும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லோருக்கும் ஊழியனாகட்டும் என்பது அதன் சாரம்.

இந்தப் பதிலில் 'பெரியவன்' என்ற சொல் அழிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசை அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு மார்க்கம்தான் சொல்லப்படுகிறது. ஆபத்தும் இங்குதான். குனிந்தால் உயரலாம் என்று இதைப் புரிந்துகொண்டால் பணிவும் ஒரு ஏணிதான். மற்ற ஏணிகளைவிடக் கொஞ்சம் நாசூக்கானது, அவ்வளவே. ஸ்தாபனங்கள் இந்த வித்தையை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டன. 'ஊழியம்' என்பது பழைய திருவிதாங்கூரில் கீழே வைக்கப்பட்ட சாதிகளிடம் கூலியில்லாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலை. இன்று அதே சொல் ஒரு பட்டம். சுவரொட்டியில் ஊழியரின் முகம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஆரணியும் அதன் நிலையங்களில் ஒன்று. கிராமங்களில் அதை நாடி வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்குச் சிறியவனாக இருப்பது புதிதாகக் கற்க வேண்டிய தர்மமா? அது பிறந்த அன்றே தலையில் சுமத்தப்பட்டதல்லவா?

இதை நான் வங்கியில் உட்கார்ந்துகொண்டும் யோசித்திருக்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று பழைய முறையில் கோர்வை போட்டுப் பட்டுச்சேலை நெய்யத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிகிறவர் அவர். பெரும்பாலும் மனைவி, அல்லது பிள்ளை. நெசவாளியின் கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது மனைவியின் தொழில் என்ன என்று கேட்கிறேன். 'வீட்டில்தான் இருக்கிறாள்' என்று பதில் வருகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் போய் இரண்டாவது ஸ்தானத்தின் மகத்துவத்தைப் பிரசங்கம் செய்வது அயோக்கியத்தனம். ஏசுவின் பதில் ஆசனம் கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. உட்காரவே இடம் இல்லாதவர்களுக்கு அதைத் திருப்பிச் சொல்வது அந்த வாக்கியத்தைத் திருடுவதாகும். முதல் ஸ்தானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவன் இரண்டாவதை ஏற்றால்தான் அங்கே பெருமை என்ற பேச்சுக்கே இடம்.

பேட்டனுக்கு முதல் ஸ்தானம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வயதில் ஏசுதாசன்தானே மூத்தவர், பெரியண்ணன் என்று அழைத்ததில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். வயது தீர்மானித்த உலகமல்ல அது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன அசரியா, மிஷனரிகளின் தியாகங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அள்ளிக் கொடுத்தவர்கள்கூடச் சரிசமமாக உட்காரத் தயங்கினார்கள் என்பதுதான் அதன் பொருள். கொடுப்பவன் மேலேயே இருந்துவிட முடியும். தியாகத்திலும் அந்த வசதி உண்டு.

உடையை மாற்றினாலும் இது தீர்ந்துவிடாது. பேட்டன் கதர் உடுத்தினார். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் நின்ற அவரைப் போலீஸ் அடித்தது, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதே மாதங்களில் அடிபட்ட எத்தனையோ தமிழர்களுக்காக அப்படித் தனித்தனியாகக் கேள்வி எழவில்லை. அடிபட்டபோதும் அவர் பெரிய மனிதராகவே இருந்தார். இது அவருடைய குற்றமல்ல. எளிமையால் ஒருவன் எவ்வளவு தூரம்தான் இறங்க முடியும் என்பதன் எல்லை அது.

ஆகவே கதரையும் ஓலைக் கூரையையும்விட அந்தப் பெயர்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. சின்னண்ணன் என்றால் தம்பி அல்ல. அவரும் அண்ணன்தான், ஆனால் அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். தமிழின் உறவுச் சொல் அவருடைய பெருமையை இல்லாததாக்கவில்லை, அதற்கு ஒரு இடம் குறித்தது. கடவுளுக்கு முன் சிறியவன் என்று சொல்லிக்கொள்ளச் செலவு ஒன்றும் இல்லை. 'மக்களுக்கு' ஊழியன் என்று சொல்ல இன்னும் குறைவு. தினமும் கூடச் சாப்பிடுகிற, தப்புச் செய்யக்கூடிய, ஒரு குறிப்பிட்ட மனிதனுக்கு அடுத்தபடியாக இருப்பதுதான் விலையுள்ளது. சிலுவைக்கு முன் நடந்த பாதம் கழுவலில் அருவமான மனித குலம் இல்லை. இன்னார் இன்னார் என்று பெயருள்ள பாதங்கள், தூசியோடு.

அந்தக் காட்சியில் பேதுரு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். அதுவும் பணிவுதான், ஆனால் அந்தப் பணிவு மறுக்கப்படுகிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஏசுதாசன் தெரியத் தொடங்கினார். நாம் பேட்டனையே வியந்துகொண்டிருக்கிறோம். அந்த வியப்பிலேயே அவரை மறுபடி முதல் ஸ்தானத்துக்கு ஏற்றிவிடுகிறோம். அடிமை நாட்டில், ஆளும் இனத்தவன் ஒருவன் விட்டுக்கொடுக்கும் ஆசனத்தில், நன்றியில் குழையாமலும் பழி தீர்த்துக்கொள்ளாமலும், அண்ணனாகவே உட்காருவது லேசான காரியமா? இறங்கி வருகிறவனுக்கு இணையான பெருமை, அவனை இறங்கவிடுகிறவனுக்கும் உண்டு. இருவரில் ஒருவர் தவறியிருந்தாலும் அந்தப் பெயர்கள் நாடகமாகியிருக்கும்.

இதை ஒரு சிறுபத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 'சிறு' என்பது நம்முடைய பட்டம். விற்காத பிரதிகளை ஒரு நற்சான்றாகவே வைத்திருக்கிறோம். மில்டனின் சாத்தானை நமக்குப் பிடிக்கும். இரண்டாவதாக இருக்க முடியாமல் நரகத்தில் முதல்வனானவன் அவன். நம் பத்திரிகைகள் உடைந்த கதைகளை எடுத்துப் பாருங்கள். கொள்கைக்காக உடைந்தவை எத்தனை, யார் முதல் என்பதற்காக உடைந்தவை எத்தனை? பெரும்பத்திரிகைகளின் பீடங்களைக் கேலி செய்கிற நாம், முந்நூறு பேர் படிக்கும் இடத்தில் வலப்புற ஆசனம் கேட்டு நிற்கிறோம்.

மற்றவர்களை விட்டுவிடுகிறேன். என் வயதொத்த, எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற ஒருவன், நான் எழுத விரும்பியதை என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறான் என்று அச்சில் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறேனா? யோசித்துப் பார்த்தேன். இல்லை. இறந்தவர்களைப் பற்றி அப்படித் தாராளமாக எழுதியிருக்கிறேன். இறந்தவர்களுக்கு அடுத்தபடியாக இருப்பது சுலபம்.