தொழில்முதல் ஈவதும் தானமாகுமோ?

கற்பகத் தருக்கள் பயன் தருதல் ஒழிந்த காலத்தில், பசியால் வாடிய மக்கள் ஆதிபகவனை அடைந்து முறையிட்டனர். அப்பெருமான் அன்னசாலை அமைக்கவில்லை. வாள், வரைவு, உழவு, வாணிகம், வித்தை, சிற்பம் என்னும் அறுதொழில்களைக் கற்பித்தருளினார். இச்செய்தியை நாம் இளமை முதலே கேட்டு வருகிறோம். ஆயினும் தானம் என்றவுடன் நம் நினைவில் எழுவது சோறுதான். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள், வறியவர் தொழில் செய்யக் கொடுக்கும் சிறுமுதல் எதன்பாற்படும்?

பங்களாதேஷில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள ஜோப்ரா என்னும் சிற்றூரில், மூங்கில் இருக்கை முடையும் பெண்ணொருத்திக்கு மூங்கில் வாங்க ஐந்து டாக்கா இல்லை. வணிகனிடம் கடன் பெற்றாள். முடைந்ததை அவனுக்கே, அவன் வைத்த விலைக்கே விற்கவேண்டும் என்பது கட்டு. நாள் முழுதும் உழைத்து அவள் கண்டது ஐம்பது பைசா. பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976-இல் விசாரித்தபோது, அவ்வூரில் இவ்வாறு கட்டுண்டவர் 42 பேர் எனத் தெரிந்தது. அனைவரும் மீளத் தேவைப்பட்ட தொகை 856 டாக்கா மட்டுமே! அதனை அவர் தம் கைப்பொருளிலிருந்து கொடுத்தார். அம்முயற்சியே வளர்ந்து 1983-இல் கிராமீன் வங்கியாயிற்று.

அப்பெண்ணுக்குத் தொழில் தெரியும், உழைக்கவும் அஞ்சாள். வணிகன் நாளை மூங்கில் தராவிடில் அடுப்பெரியாதே என்பதொன்றே அவள் அச்சம். அதனைப் போக்கியதால் அச்சிறுமுதலை அபயதானத்தின்பாற் சேர்ப்பதே தகும் என்பது என் துணிபு.

ஆனால் அச்சம் போக்க வந்த கடனே அச்சமாக மாறுவதும் உண்டு. ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்கள் பல, ஒரே குடும்பத்தின் தலையில் கடன்மேல் கடன் ஏற்றி, தவணைக்காக வாயிலில் நின்று நெருக்கின. கடனாளிகள் சிலர் உயிர் துறந்தனர் என்ற செய்தி பரவவே, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கொடுப்பவன் நெஞ்சில் உலோபம் புகுந்தபின் அதனைத் தானம் என்பது எங்ஙனம்? மேலும், ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வுகள், நுண்கடனால் வறியவர் வருவாய் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்றே காட்டின. தொழிலைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஓரளவு விரிந்தது. அபயத்திற்கு அதுவும் ஒரு படியே.

நமக்கே உரிய இடர் ஒன்றுண்டு. கடன் பெறுவோர் பலர் கோழி வளர்க்கின்றனர். இறைச்சிக்கென மாட்டைக் கொழுக்க வைப்போரும் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே எனக் கொண்ட நாம், பொருள் எங்கே செல்கிறதென வினவாமல் கொடுத்தல் ஆகாது. அத்தொழிலுக்குக் கொடேன் என்று மறுப்பதே முறை. எனினும் கோழி வளர்ப்பன்றி வேறறியாத விதவையை மறுத்தனுப்பிவிட்டு நாம் விரதம் காத்தோம் என மகிழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவளுக்குத் தையலோ பாய் முடைதலோ பயிற்றும் செலவையும், பயிலும் மாதங்களில் அவள் பிள்ளைகளின் உணவையும், நாம் கொடுக்கும் முதலோடு சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.